இரண்டு தேயிலை மலைகளும் ஒரு பொம்மையும்

பொம்மையைப் பற்றி விமர்சனம் எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். கவிதைக்கும் கதைக்கும் நாடகத்துக்கும் உரிய அளவுகோலை விளையாட்டுப் பொருளிடம் கொண்டு செல்வது வீண்வேலை என்பது அவர்கள் எண்ணம். ஆயின், எழுத்தறியும் முன்பே மனிதன் கையிலெடுக்கும் முதற் கலைப்பொருள் பொம்மையே. உலகம் எத்தகையது, அதில் தன் இடம் எது, தான் செய்பவனா அல்லது செய்ததை வாங்குபவனா என்பனவற்றை அவனுக்கு முதன்முதல் சொல்லிக் கொடுப்பதும் அதுவே. இத்தனை பெரிய காரியத்தைச் செய்யும் ஒரு பொருளை விமர்சகர்கள் கண்டும் காணாமல் விட்டுவிட முடியாது.

தோட்டத்துத் திருவிழாக் கடைகளில் இன்று பிளாஸ்டிக் ரோபோக்கள் வரிசையாக நிற்கின்றன. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் காண இறங்கும் நகரத்துப் பிள்ளைகளின் கைகளிலும் அவற்றைக் காண்கிறோம். வசதி படைத்தோரிடையே வேறொரு பழக்கமும் பரவியிருக்கிறது. போர் விமானம், கவச வண்டி, இயந்திர மனிதன் ஆகியவற்றின் மாதிரிகளைப் பெட்டியாக வாங்கி, உறுப்புகளை வெட்டி எடுத்துப் பொருத்தி, வண்ணம் தீட்டி, அலமாரியில் சேர்த்து வைப்பதே அது. பிள்ளைகள் மட்டுமன்றி வளர்ந்தவர்களும் இதில் ஈடுபடுகின்றனர்.

இவை பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. இவை அந்நிய முதலாளிகளின் குப்பை, ஒதுக்கித் தள்ளுக என்பது ஒன்று. நமது தோட்டத்துச் சிறுவன் மீன் பேணியில் செய்யும் வண்டிக்கு இவை ஈடாகுமா என்று மெய்சிலிர்ப்பது மற்றொன்று. இரண்டும் கேட்பதற்கு இனிமையாக இருக்கலாம். இரண்டாலும் அச்சிறுவனுக்கு எவ்விதப் பயனும் இல்லை என்பதே நமது துணிபு.

முதலில் ரோபோவை எடுத்துக்கொள்வோம். இச்சொல் பிறந்த இடம் நாடக மேடை. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதி வெளியிட்ட ‘ஆர்.யூ.ஆர்.’ என்னும் நாடகம் 1921 ஜனவரியில் பிராக் நகரின் தேசிய அரங்கில் மேடையேறியது. அதில் வரும் செயற்கைத் தொழிலாளருக்கு ‘ரோபோ’ என்னும் பெயரைச் சொல்லித் தந்தவர் அவருடைய தமையனாரான ஓவியர் யோசெப். செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்பது பண்ணையடிமைகள் நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்து தீர்க்க வேண்டியிருந்த கட்டாய வேலை. நமது பழைய கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று குறிப்பிடுவதும் இத்தகைய வேலையையே. ஆஸ்திரியப் பேரரசில் இவ்வழக்கம் 1848ஆம் ஆண்டுப் புரட்சியின்போதுதான் ஒழிந்தது.

ஆக, ரோபோ என்பது ஓர் அடிமைத் தொழிலாளியின் பெயர். அந்நாடகத்தில் அவன் இரும்பால் ஆனவனுமல்லன். மனிதனைப் போன்ற உடலோடு ஆலையில் உற்பத்தி செய்யப்பட்டவன். உழைத்து உழைத்துக் கடைசியில் அவன் கிளர்ந்தெழுகிறான். மனித குலத்தையே அழிக்கும் அக்கிளர்ச்சி ஒரேயொரு மனிதனை மட்டும் உயிரோடு விடுகிறது. அவன் அல்குவிஸ்ட் என்னும் கட்டடக் கலைஞன். அவனும் தங்களைப் போலக் கைகளால் வேலை செய்கிறவன் என்பதே ரோபோக்கள் அவனை விட்டுவைத்ததற்குக் காரணம்.

அந்நாடகம் மேடையேறிய அதே 1921ஆம் ஆண்டில்தான் இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். தொழிலாளி பட்ட கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அக்கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கே அவனை அனுப்பும் முறை அது. கடனோடு ஆளும் கைமாறினான். சாப்பெக் கற்பனை செய்து காட்டிய வாழ்க்கையை நமது முன்னோர் மலைச்சரிவுகளில் வாழ்ந்தே பார்த்திருந்தனர்.

இந்த வரலாறு எதுவும் கடையில் விற்கும் ரோபோவிடம் இல்லை. சாவி கொடுத்தால் நடக்கிறது, பொத்தானை அழுத்தினால் கண் மின்னுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. கேள்வி கேட்காது, களைப்படையாது, கூலியும் கேட்காது. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நின்ற மக்களின் பேரப்பிள்ளைகள் கையில், எதிர்த்து நில்லாத வேலையாளின் உருவம் வேடிக்கைப் பொருளாக வந்து சேர்கிறது. ரோபோ பொம்மை மீது நாம் கூறும் முதற் குற்றச்சாட்டு இதுவே: அது தன் பெயரின் பொருளை மறைத்து நிற்கிறது.

ஆனால் அதைச் செய்த கைகளின் கதையையும் கேட்காமல் தீர்ப்பு வழங்குவது முறையன்று. 1945இல் போரில் தோற்று எரிந்து கிடந்த யப்பானில், கொசுகே மட்சுசோ என்னும் பொம்மைத் தொழிலாளர் பயன்படுத்தி வீசப்பட்ட உணவுப் பேணிகளின் தகரத்தை நிமிர்த்தி, தெருவில் ஓடிய அமெரிக்க ஜீப் வண்டிகளைப் பார்த்துச் சிறு ஜீப்புகளைச் செய்தார். அவ்வாண்டின் இறுதியில் கியோட்டோ நகரின் கடையொன்றில் அவை விற்பனைக்கு வந்தபோது மக்கள் திரண்டு வாங்கினர். போருக்குப் பிந்திய யப்பானியப் பொம்மைத் தொழில் இவ்வாறு தலையெடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் அதே தகரம் ரோபோவாக உருமாறிக் கடல் கடந்து சென்றது.

வெறும் பேணியிலிருந்து செய்த வண்டி! இது நமக்குத் தெரிந்த காட்சியல்லவா? மீன் பேணியை உடலாகவும், தேய்ந்த இறப்பர்ச் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாகவும், ஈர்க்கையோ கம்பியையோ அச்சாகவும் வைத்து லயத்துப் பிள்ளைகள் வண்டி செய்வதை நாம் அறிவோம். கொசுகேயின் கைக்கும் இப்பிள்ளைகளின் கைக்கும் திறமையில் வேறுபாடு காண்பது கடினம். பின் எங்கிருந்து வந்தது இத்தனை தூரம்?

இக்கேள்விக்கு விடை காண யப்பானின் சிசுவோக்கா மாகாணத்தைப் பார்க்க வேண்டும். உலகெங்கும் செல்லும் மாதிரிப் பெட்டிகளின் தலைநகரம் அதுவே. தமியா, ஹசெகாவா, அவோஷிமா ஆகிய நிறுவனங்கள் அங்குள்ளவை. பண்டாய் நிறுவனம் தனது ‘கன்டாம்’ இயந்திர மனித மாதிரிகளை வார்ப்பதும் அங்கேதான். அதே சிசுவோக்கா யப்பானின் பெயர்பெற்ற தேயிலை நாடும் ஆகும். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு இரண்டாண்டு கழித்து, 1869இல், பதவியிழந்த சாமுராய் வீரர்கள் சிசுவோக்காவின் மகினொஹாரா மேட்டு நிலத்தைத் தேயிலைக்காகத் திருத்தத் தொடங்கினர். ஆற்றைக் கடப்போரைத் தோளில் சுமந்து பிழைத்த கூலியாட்களும், அவ்வேலை ஒழிந்தபின், அதே மேட்டில் தேயிலை நட்டனர். இரு மலைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பச்சை உடுத்தியவை.

அங்கே தேயிலை பெரும்பாலும் குடும்பங்களின் சொந்தச் சிறு நிலங்களில் வளர்ந்தது. தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் கோயிற் பணிக்கென வந்து தங்கிய தச்சரும் அரக்குப் பூச்சுக்காரரும் தங்கள் கைத்தொழிலைத் தலைமுறைக்குத் தலைமுறை கையளித்தனர். அம்மரபில் மரவேலைப் பட்டறைகள் பெருகின. தமியா 1946இல் மரம் அறுக்கும் ஆலையாகப் பிறந்தது; பின் மரத்தால் மாதிரிகள் செய்தது; 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. உருகிய பிளாஸ்டிக்கை உருக்கு அச்சினுள் அழுத்திச் செலுத்தும் இத்தொழிலில், மயிரிழை பிசகாமல் அச்சினைக் குடைந்தெடுக்கும் கையே தலையாயது. மரம் செதுக்கிய பழக்கம் இரும்பைச் செதுக்கக் கற்றுக்கொண்டது.

இங்கே நிலைமை என்ன? நிலம் கம்பனிக்காரனுடையது, 1970களில் அரசுடைமையானது, 1992இல் முகாமை மறுபடியும் கம்பனிகளிடம் போயிற்று. எந்த மாற்றத்திலும் அது கொழுந்து பறித்தவளின் கைக்கு வரவில்லை. வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்னும் பேச்சே அண்மைக் காலத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. நாடற்றவராக எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை வழி திறந்தது. நாட்கூலி ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வெளிவர 2021 வரை போராட வேண்டியிருந்தது. பத்தடிக் காம்பராவில், நாளை எங்கு இருப்போம் என்று தெரியாத குடும்பத்தில், பட்டறை எங்கிருந்து எழும்?

கைத்திறன் இல்லாமற் போனதா என்றால், அதுவுமில்லை. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு முடியும் அணிகலனும் செய்து, காகிதம் ஒட்டி, வண்ணம் தீட்டியவர்கள் யார்? தோட்டத்துக் கோயிலின் தேரைச் சோடித்தவர்கள் யார்? ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் உருளைகளைப் பழுதுபார்த்தவர்கள் யார்? திறன் இருந்தது. அத்திறனைத் தொழிலாக்கும் நிலமும் நேரமும் கல்வியும் முதலும் மறுக்கப்பட்டன. ஆகையால் பேணி வண்டியைக் கண்டு உருகி நிற்போரிடம் நாம் ஒன்று கேட்கிறோம். ஏழைச் சிறுவனின் இல்லாமையை அழகென்று போற்றுவது யாருக்கு உதவும்? அவன் அந்த வண்டியைச் செய்தது வேறொன்றும் கிடைக்காததால். அவனுக்கு ஓர் அரமும் கத்தரியும் வண்ணப் புட்டியும் கிடைத்தால் இன்னும் நல்ல வண்டியைச் செய்வான்.

இனி மாதிரிப் பெட்டியைக் கலைப்பொருளாக மதிப்பிடுவோம். அதன் நன்மைகள் மெய்யானவை. படத்தைப் பார்த்து வரிசை அறிதல், உறுப்புக்கும் முழுமைக்கும் உள்ள உறவை உணர்தல், பொறுமை, விகித உணர்வு, வண்ணத்தால் துருவையும் சேற்றையும் தோற்றுவிக்கும் நுட்பம் ஆகியன நல்ல கல்வியே. கூர்ந்து பார்த்தால், தேர்ந்த மாதிரிக்காரர் பெட்டி சொன்னபடி நிற்பதில்லை. இரண்டு பெட்டிகளைக் கலந்து, தாமே உறுப்பு வார்த்து, மூன்றாவதொன்றைப் படைக்கின்றனர். அங்கே வாங்குபவர் மறைந்து செய்பவர் தோன்றுகிறார். அந்த இடத்தில் அது கலை.

அதன் குறையும் மெய்யானதே. அது விரும்பி எடுக்கும் பொருள் போர். தமியாவின் முதற் பிளாஸ்டிக் மாதிரி யமாட்டோ போர்க்கப்பல். 1945 ஏப்ரலில் அக்கப்பலோடு மடிந்த ஏறத்தாழ 3,000 பேரைப் பெட்டி சொல்வதில்லை. கன்டாமின் கதை இன்னும் நுண்ணியது. தொமினோ யொஷியுக்கி இயக்கி 1979இல் தொலைக்காட்சியில் தொடங்கிய அத்தொடர், போரில் சிக்கிய இளைஞரின் துயரத்தைச் சொன்னது. 1980 ஜூலையில் 300 யென்னுக்கு வந்த மாதிரிப் பெட்டியில் துயரம் இல்லை. ஆயுதம் மட்டும் இருந்தது. கதை கண்டித்ததைப் பெட்டி விற்றது.

சேகரிப்பைப் பற்றியும் ஒரு சொல். பழைய தகர ரோபோக்களுக்கு இன்று பெருவிலை தரும் செல்வர்கள், பிரிக்கப்படாத பெட்டியோடு உள்ளதையே நாடுகின்றனர். எந்தக் குழந்தையும் தொடாத பொம்மைக்கே உயர்ந்த விலை! இதைவிடக் கொடிய நகைச்சுவை வேறில்லை. எனினும் சேகரித்தல் தீதன்று. எதைச் சேகரிக்கிறோம் என்பது ஒரு சமுதாயத்தின் தீர்ப்பு. யோக்கோஹாமாவில் கிதஹாரா தெருஹிசா 1986இல் தகரப் பொம்மைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் திறந்தார். கண்டி ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகம் இயந்திரங்களையும் துரைமாரின் நினைவுகளையும் காக்கிறது. கம்பளைக்கு அண்மையில், பழைய லயமொன்றில், 2007இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உழைத்தோரின் பொருள்களைக் காக்க முன்வந்தது. பேணி வண்டிக்கும் காமன் முடிக்கும் அத்தகைய அலமாரிகளில் இடம் வேண்டும். செய்தவரின் பெயரோடு அவை இருக்க வேண்டும்.

அதற்கும் மேலாக வேண்டியது ஒன்றுண்டு. ஆண்டு இறுதியில் புகைப்படத்துக்காகப் பொம்மை வழங்கும் கொடையாளர்கள் அப்பணத்தைக் கொண்டு இறம்பொடைப் பகுதிப் பாடசாலையொன்றில் ஒரு வேலை மேசை போடட்டும். அரமும் வாளும் பசையும் வண்ணமும் அதன் மீது இருக்கட்டும். பிள்ளைகள் தங்கள் லயத்தையும் ஸ்டோரையும் கொழுந்துக் கூடை சுமந்த தாயையும் மாதிரியாகச் செய்யட்டும். வேண்டுமாயின் ரோபோவும் செய்யட்டும். ஆனால் அந்தப் பெயரின் பொருளை அவர்களுக்கு ஆசிரியர் சொல்லிக் கொடுக்கட்டும். ஏவிய வேலையைச் செய்வதற்கென்றே இம்மலையில் தலைமுறைகள் பிறந்தது போதும். தான் நினைத்ததைத் தன் கையால் செய்து பார்க்கும் பிள்ளையே இனி இங்கு வளர வேண்டும்.