போட்டோ மாதிரியே இருக்குதுங்க!

2021-ல் கொரோனாவில் இறந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் ஆயில் பெயிண்டிங் பற்றிப் பேச்சு வந்தாலே, கோபியில் எங்க ஓவிய நண்பர்கள் சொல்றது: "அப்படியே போட்டோ மாதிரிங்க!" எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஜன்னலோரம் நிற்கும் பெண்ணை இருட்டு வீட்டுக்குள்ளிருந்து போட்டோ எடுத்துப் பாருங்க. ஜன்னல் வெளுத்துப் போகும், இல்லைன்னா முகம் கறுத்துப் போகும். இப்போதைய போன்கள் இரண்டையும் சமப்படுத்துறேன்னு இருட்டையே அழிச்சுடும். இளையராஜா படத்தில் வெளிச்சமும் இருக்கும், இருட்டும் இருக்கும். அந்த இருட்டுக்குள் சேலை மடிப்பும் தெரியும். எதை எவ்வளவு காட்டணும்னு முடிவு செய்தது அவர் கண்.

அதனால், போட்டோவைக் குறிப்புக்கு வெச்சுக்கலாம். நிழலுக்கு மட்டும் டியூப் கறுப்பை அப்பாம, பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும் கலந்து, நேரில் பார்த்து வரைங்க.