மூடுபனியிலும் வெண்பனியிலும் லேசர் தொலைவுமானி

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் மலைப்பகுதியில் பெண் செம்மான்களை வேட்டையாடும் பருவம் அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரை நீள்வதால், மழை, மூடுபனி, பனிப்பொழிவு ஆகிய மூன்றுக்கும் வேட்டைக்காரரின் கருவி ஈடுகொடுத்தாக வேண்டும். இலக்கை நோக்கி ஒளித்துடிப்பை ஏவி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும் லேசர் தொலைவுமானியை அங்கே எடைபோட, விளம்பரத்தில் காணும் உச்சத் தொலைவு சிறிதும் உதவாது. வோர்டெக்ஸ் ரேஸர் எச்டி 4000 கருவியின் பெயரிலுள்ள 4000 கஜம், ஒளியை நன்கு திருப்பியனுப்பும் பரப்புகளுக்கே பொருந்தும். மானுக்கு அந்நிறுவனம் குறிப்பிடும் அளவு 2200 கஜம். ஹைலாண்ட்ஸ் வேட்டையில் சுடும் தூரமோ பெரும்பாலும் 200 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

உண்மையான சோதனை மூடுபனியில்தான். வேட்டைக் கருவிகள் பொதுவாகப் பயன்படுத்தும் 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியின் அலைநீளத்தைவிட மூடுபனியின் நீர்த்துளிகள் பல மடங்கு பெரியவை என்பதால், அவை ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. அதில் ஒரு பகுதி மானை எட்டுமுன்பே திரும்பிவர, கருவி பனித்திரையையே இலக்காகக் கொண்டு மிகக் குறைந்த தூரத்தைக் காட்டிவிடுகிறது. திரும்பிவரும் ஒளிகளில் மிகத் தொலைவிலிருந்து வந்ததை மட்டும் ஏற்கும் 'கடைசி இலக்கு' முறை ரேஸரில் இருப்பது இங்கே பெரிய பலம். ஆயினும் மலைமுகட்டில் நிற்கும் மானின் ஓரமாகக் கற்றை நழுவினால், அதே முறை பின்னாலுள்ள சரிவின் தூரத்தைச் சொல்லிவிடும். எனவே கற்றை விரிவு, அதாவது தூரம் கூடக்கூட ஒளிக்கற்றை அகலும் அளவு, குறுகியதாக இருக்க வேண்டும். லைக்கா ரேஞ்ச்மாஸ்டர் சிஆர்எஃப் 2800 கருவியில் அது 0.5க்கு 1.2 மில்லிரேடியன், 200 மீட்டரில் 10க்கு 24 சென்டிமீட்டர் பரப்பு, மானின் மார்புக்குள் அடங்கிவிடும். அடர்ந்த மூடுபனியில் எந்த முறையும் பயன்படாது. மான் தெளிவாகத் தெரியாதபோது சுடுவதும் முறையன்று.

மழைத்துளிகள் காற்றில் விழுவதைவிட வில்லையில் தங்குவதே அதிகம் தொல்லை தருவதால், துடைக்கும் துணி எப்போதும் கைவசம் வேண்டும். பனி பொழிந்து ஓய்ந்தபின் அடிக்கும் வெயில், வெண்பனியில் பட்டுத் தெறித்து உணரியை இரைச்சலால் நிரப்பி, எட்டும் தூரத்தைக் குறைக்கிறது. காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து குண்டின் இறக்கத்தைக் கணிக்கும் வசதி, இவ்விரண்டில் லைக்காவின் தனிச்சிறப்பு. ஆனால் சட்டைப்பையின் கதகதப்பிலிருந்து வெளியே எடுத்தவுடன் அதன் வெப்பமானி தவறான அளவைக் காட்டும் என்பதால், கருவி வெளிக்காற்றுக்குப் பழகும்வரை அந்தக் கணிப்பை நம்பலாகாது.

மூடுபனி மிகுந்த சரிவுகளில் வேட்டையாடுவோர்க்கு இலக்கு முறைகளைத் தேர்ந்துகொள்ளவிடும் ரேஸரும், குளிர்ந்த தெளிவான வானில் நெடுந்தொலைவு அளப்போர்க்கு லைக்காவும் ஏற்றவை.