தீவுச் சாலையில் கியர் வாதம்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்க உத்தேசித்திருப்பவர், கையால் போடும் கியரா, தானே மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக்கா என்று வாய் திறந்து கேட்ட மாத்திரத்தில், அருகில் இருப்பவர்கள் இரண்டு பட்சமாகப் பிரிந்து வாதாடத் தொடங்கிவிடுவது எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கந்தான். கியர் கையில் இருந்தால்தான் வண்டி கையில் இருக்கும் என்பார்கள் ஒரு பட்சத்தார். இடக்காலுக்கு ஓய்வு கிடைத்த பிறகும் அதற்கு வேலை தேடிக் கொடுப்பானேன் என்பார்கள் மற்றப் பட்சத்தார். இவ்விரண்டு சித்தாந்தங்களும் பெரும்பாலும் சென்னை நெரிசலையும் நீலகிரி மலைப்பாதையையும் மனத்தில் கொண்டு பிறந்தவை. சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி அந்தமானில் அவற்றைப் பிரயோகிக்கும்போது, அவற்றின் நியாயங்களில் சில வலுவிழக்கின்றன, வேறு சில எதிர்பாராத வலுவைப் பெறுகின்றன, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றோ இரு தரப்பாருடைய பேச்சிலும் இடம்பெறாமலே போய்விடுகிறது.

முதலில், இந்தத் தீவுகளில் இத்தகைய வண்டிக்கு என்ன வேலை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். காட்டுக்குள் ஜீப்பை ஓட்டிச் சென்று சாகசம் செய்யலாம் என்ற கனவோடு வருகிறவருக்கு இங்கே இடமில்லை. நிலப்பரப்பின் பெரும்பகுதி காப்புக் காடு. அதிலும் கணிசமான பகுதி, 1956ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஆதிகுடிகளுக்கென்று ஒதுக்கப்பட்டு மற்றவர் பிரவேசிக்கக் கூடாத ஸ்தலம். ஆகவே வண்டி ஓடப்போவதெல்லாம், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை செல்லும் அந்தமான் டிரங்க் ரோட்டிலும், அதிலிருந்து கிளைத்துக் குடியிருப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் போகும் மண்பாதைகளிலுந்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவக்காற்றுகளின் தயவால் மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை பெய்துகொண்டிருக்கும் ஒரு பிரதேசத்தில், அந்த மண்பாதைகள் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

கைக்கியரின் சார்பில் முதலாவதாகச் சொல்லப்படும் வாதம் இறக்கத்தைப் பற்றியது. முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக் சூடேறாது என்பது முழு உண்மை. உதகையிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிப் பாதையிலோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலோ, அது உயிர் காக்கும் உண்மையுங்கூட. ஆனால் அந்தமானின் மிக உயர்ந்த சிகரமாகிய சாடில் பீக்கின் உயரமே 732 மீட்டர். அதன் உச்சிக்கு வண்டி போவதில்லை. இங்கே ஏற்ற இறக்கங்கள் செங்குத்தானவையேயன்றி நீண்டவையல்ல. பிரேக் சூடேறுவதற்குள் மேடு முடிந்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியிலும் டிரான்ஸ்ஃபர் கேஸின் நெம்புகோலை ‘லோ’வுக்குத் தள்ளி, கியரை முதலாவதிலேயே நிற்கும்படி செய்துவிட்டால், கைக்கியரின் அளவுக்கு இல்லாவிட்டாலும் போதுமான அளவுக்கு என்ஜின் பிடிக்கத்தான் செய்கிறது. மலைநாட்டு வாதத்தைத் தீவில் பேசுவோர் இந்த அளவு வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

சேற்றின் விஷயம் வேறு. நனைந்த செம்மண்ணில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, நிற்காமல் வந்துகொண்டிருக்கும் இழுவையே பிராணன். கைக்கியரில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாற்றக் கிளட்சை மிதிக்கும் அந்த அரை விநாடியில் சக்கரத்துக்குச் சக்தி அறுந்துபோகிறது, வண்டி நின்றுவிடுகிறது, மறுபடி கிளப்ப முயலும்போது சக்கரம் சுழன்று குழி பறிக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இந்த அறுபடல் இல்லை. ஜெர்மானிய எஞ்சினியரான ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற தத்துவத்தின் வழி வந்த டார்க் கன்வெர்ட்டர், என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே இரும்பால் அன்றி எண்ணெயால் உறவு ஏற்படுத்துகிறது. வண்டி நின்ற நிலையிலிருந்து நகரும்போது முறுக்கு விசையை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்கியும் தருகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் பட்டணத்துப் பெரிய மனிதர்களுடைய சுகசாதனம் என்று எண்ணுகிறவர்கள், இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்களின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிகள் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டிகளோடுதான் களத்தில் ஓடின என்பதை அறிந்தால் தங்கள் அபிப்பிராயத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ளக்கூடும்.

சேற்றைக் காட்டிலும் கடுமையான பரீட்சை ஒன்று உண்டு. ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா ஆதிகுடிகளின் பகுதி வழியே, காவலர் துணையுடன், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல், நிறுத்தவும் முந்தவும் கூடாது என்ற நிபந்தனையோடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கான்வாயில் ஊர்ந்து மிடில் ஸ்ட்ரெய்ட்டை அடைந்ததும், பாராட்டாங்குக்குப் போகும் வண்டிப் படகில் ஏற வேண்டும். கடல்நீர் வற்றியிருக்கும் வேளையில் படகின் பலகைக்கும் கரைக்கும் நடுவே சரிவு கூடிவிடுகிறது, பலகையோ ஈரம், முன்னால் பஸ் ஒன்று நிற்கிறது, படகுக்காரர் இன்னும் ஒரு சாண் வா என்று கையைக் காட்டுகிறார். கைக்கியர் ஓட்டுநர் இங்கே ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கியபடி அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். சிறிது நேரத்தில் கிளட்ச் கருகும் அந்த நெடி எல்லாருடைய மூக்கிலும் ஏறும். ஆட்டோமேட்டிக் ஓட்டுநர் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறார், வண்டி தானே ஒரு சாண் தவழ்ந்து நிற்கிறது. வாரத்தில் பல நாள் இந்தப் படகில் ஏறி இறங்க வேண்டியவர், எத்தனை திறமைசாலியாக இருந்தாலும், கிளட்ச் தட்டுகளுக்கு ஒரு செலவுக் கணக்கு எழுதி வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதுவரை பார்த்தால் ஆட்டோமேட்டிக்கின் தட்டே தாழ்ந்திருக்கிறது. வண்டி ஓடும் வரையில் அப்படித்தான். நின்றுபோன வண்டியைப் பற்றியும் விசாரிக்க வேண்டும்.

பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்பது கைக்கியருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெருமை. பழைய ஜீப்புக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் எலெக்ட்ரானிக் முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் இக்காலத்து டீசல் வண்டியில், பேட்டரி அடியோடு செத்துப்போனால் எத்தனை பேர் தள்ளினாலும் பிரயோஜனமில்லை. அதன் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் அளவுக்காவது அதில் மின்சாரம் மிஞ்சியிருக்க வேண்டும். எனவே இந்தப் பெருமையில் பாதி பழங்கதை. கட்டி இழுக்கும் விஷயத்தில் பெருமை பாதியன்று, முழுமை. ஆட்டோமேட்டிக் பெட்டியின் எண்ணெய்ப் பம்பு என்ஜினோடு சுழல்வது. என்ஜின் நின்றிருக்க, சக்கரங்களை மட்டும் உருட்டி நெடுந்தூரம் இழுத்தால் உள்ளே எண்ணெய் ஓடாமல் பாகங்கள் தேய்ந்து கருகும். டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் உள்ள வண்டிகளில் இதற்குப் பரிகாரம் உண்டு. ஆனால் இழுக்க வந்த லாரிக்காரரின் அவசரத்தில் அது யாருக்கு நினைவு வரும்?

தண்ணீரும் உப்பும் சேர்ந்து செய்யும் கேடு இதைவிட ரகசியமானது. ஓடிச் சூடேறியிருக்கும் கியர்ப் பெட்டி ஓடைநீரில் முழுகிச் சட்டென்று குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கைக்கியர்ப் பெட்டிக்கும் இது நேர்வதுதான். அங்கே எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினால் இரும்புப் பற்கள் அநேகமாகப் பிழைத்துவிடுகின்றன. ஆட்டோமேட்டிக்கின் உள்ளே இருப்பவையோ, காகிதத்தையொத்த உராய்வுப் பூச்சைப் பசையால் ஒட்டிய மெல்லிய தட்டுகள். நீர் கலந்த எண்ணெயில் ஊறினால் பூச்சு உரிந்து வருகிறது. பெட்டியை ஆட்டிவைக்கும் சொலினாய்டுகளும், அவற்றுக்குப் போகும் ஒயர் முனைகளும், கடற்காற்றில் பச்சை பிடித்து, இன்றைக்கு ஓடி நாளைக்கு மக்கர் செய்யும் சுபாவத்தை அடைகின்றன. இந்தச் சுபாவத்தை ஒரு மெக்கானிக்கிடம் விளக்கிச் சொல்வதே பெரும்பாடு. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் வண்டி ஒழுங்காக ஓடும்.

இரு தரப்பாரும் பேசாமல் விடும் விஷயம் இங்கேதான் வருகிறது. கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் மாற்றத் தெரிந்த கை ரங்கத்திலும் மாயாபந்தரிலும் டிக்லிபூரிலும் உண்டு. வெளிச்சமும் ஜாக்கியும் இருந்தால் மரத்தடியிலேயே ஒரு நாளில் வேலை முடியும். ஆட்டோமேட்டிக்கைப் பிரித்துச் சேர்க்க வேண்டுமானால், அதற்கென்றே பழகிய கையும் கருவிகளும் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் நிறைந்திருக்கின்றன. பெட்டியைக் கழற்றிக் கப்பலில் அனுப்ப வேண்டும், அல்லது சாமான் வரும் வரையில் காத்திருக்க வேண்டும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் அட்டவணை எவ்வளவு மரியாதையோடு காப்பாற்றப்படும் என்பது தீவுவாசிகளுக்குத் தெரியும். போர்ட் பிளேரிலிருந்தே 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே உள்ள காம்ப்பெல் பேயில் இருப்பவருக்கு இந்தக் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. நன்றாக ஓடும்போது எது சிறந்தது என்று கேட்பவர், கெட்டுப்போனால் எத்தனை நாள் நிற்கும் என்றும் கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்விக்குத் தீவில் கைக்கியர் சொல்லும் பதிலே நல்ல பதில்.

வாங்குவது பழைய வண்டி என்பதால் இன்னொரு வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. முந்தைய உடைமையாளரின் பாவங்களைக் கைக்கியர் வெளிப்படையாகச் சுமக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். என்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் உயிரோடிருக்கிறது, அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் விலையில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக்கின் பாவங்களோ எண்ணெயில் ஒளிந்திருக்கின்றன. அளவுக்குச்சி இருக்கும் வண்டியில் அதை இழுத்து ஒரு வெள்ளைத் துணியில் துடைத்தால், எண்ணெய் சிவப்பாக இருப்பது நலம். கறுத்துக் கருகிய வாடை வீசினால் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, அப்பால் பேரம் பேசவே வேண்டாம். புதிய வண்டிகள் பலவற்றில் அந்தக் குச்சியே இல்லை. எண்ணெய் ஆயுளுக்கும் போதும் என்று கம்பெனிகள் சொல்லி வைத்த வார்த்தையை நம்பி, ஒரு தடவையும் மாற்றாமல் ஓட்டியவர்கள் அநேகர். யாருடைய ஆயுளுக்கு என்பதைத்தான் ஒருவரும் தெளிவாகச் சொல்வதில்லை.

பார்க்கப்போனால், சந்தையில் கிடைப்பதே பாதி விவாதத்தைத் தீர்த்துவிடுகிறது. 1985ஆம் ஆண்டில் வந்த மாருதி ஜிப்ஸியும், 2010 முதல் 2020 வரை வந்த முதல் தலைமுறைத் தாரும் கைக்கியரில் மட்டுமே கிடைத்தவை. 2020 அக்டோபரில் வந்த புதிய தார் ஆறு கியர் கொண்ட ஐசின் டார்க் கன்வெர்ட்டர் பெட்டியோடும், 2023ஆம் ஆண்டில் வந்த ஜிம்னி பழைய பாணி நான்கு கியர் பெட்டியோடும் கிடைக்கின்றன. நெடுஞ்சாலையில் ஜிம்னியின் அந்த நான்கு கியர்களைக் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனால் 40 கிலோமீட்டர் கான்வாயில் ஐந்தாவது கியருக்கு என்ன வேலை? ஃபோர்டு எண்டவரின் ஆட்டோமேட்டிக், ஓட்டுவதற்கு மிகச் சுகமானது. அந்தக் கம்பெனி 2021ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் உற்பத்தியை நிறுத்த முடிவு செய்துவிட்ட நிலையில், அதைத் தீவுக்குக் கொண்டுவருவது துணிச்சல் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. கிளட்சை யந்திரமே மிதித்துக்கொள்ளும் ஏ.எம்.டி. வகையை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். கைக்கியரின் அறுபடல், ஆட்டோமேட்டிக்கின் மின்சார நோய் ஆகிய இரண்டும் அதில் ஒருங்கே குடியிருக்கின்றன.

ஆக, ரங்கத்துக்கு வடக்கே அல்லது ஹட் பே, காம்ப்பெல் பே போன்ற இடங்களில் வாழ்ந்து, வண்டியை நம்பிப் பிழைப்பவர் கைக்கியரையே வாங்குவது உசிதம் என்பது என் துணிபு. சேற்றில் அது கொடுக்கும் சிரமத்தைப் பழக்கத்தால் குறைத்துக்கொள்ளலாம். போர்ட் பிளேரில் குடியிருந்து, முழங்கால் வலியோடோ, குடும்பத்தில் பலரும் ஓட்டும் தேவையோடோ உள்ளவர், ஐந்தாறு வருஷத்துக்கு மேற்படாத டார்க் கன்வெர்ட்டர் வண்டியை, எண்ணெய் மாற்றிய ரசீது இருந்தால், தாராளமாக எடுக்கலாம். சென்னையில் வாங்குகிறவராயின், தடையில்லாச் சான்று கைக்கு வந்து வண்டி துறைமுகத்துக்குப் போவதற்கு முன்பே, கியர்ப் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றச் சொல்லி, அதன் காந்தத்தில் ஒட்டியிருப்பது மாவு போன்ற பொடியா, இரும்புத் துணுக்கா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். துணுக்காக இருந்தால் அங்கேயே சரிசெய்து கப்பலேற்றுவதற்கும், ஏற்றி வந்த பிறகு திருப்பி அனுப்புவதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தில் கைக்கியர் வண்டிக்குப் பல கிளட்ச் தட்டுகள் வாங்கிவிடலாம்.