கார்டீலியாவின் பொய்

நம் கல்லூரிகளில் ‘கிங் லியர்’ நன்றிகெட்ட பெண்களின் நாடகமாகவே சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பி.ஏ. வகுப்பில் எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. மூத்தவர்கள் இருவரும் கெட்டவர்கள், இளையவள் நல்லவள், கிழவன் ஏமாளி. இந்த நீதிபோதனையோடு திருப்திப்படுகிறவர்களுக்கு நாடகத்தின் பின்பாதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லியருக்கும் கார்டீலியாவுக்குமான பிளவு முதல் காட்சியிலேயே முடிந்துவிடுகிறது. உடைந்த பிறகு தகப்பனும் வளர்ந்த பிள்ளையும் ஒருவர் முன் ஒருவர் எப்படி வந்து நிற்பது என்பதுதான் மீதி நாடகத்தின் பிரச்னை.

முதல் காட்சியில் லியர் அன்பை நிலத்தால் அளக்கிறான். அதிகம் சொல்பவளுக்கு அதிகம். கார்டீலியா ஏலம் கேட்க மறுத்தாள் என்பதற்காக நாம் அவளைக் கொண்டாடுகிறோம். ஆனால் மறுக்கும்போது அவள் பேசுவதும் கணக்குத்தான். கல்யாணமானால் தன் அன்பில் பாதி புருஷனோடு போய்விடும் என்கிறாள். தகப்பனின் பாஷையிலேயே தகப்பனுக்குப் பதில். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்ற அந்தப் பிடிவாதத்தில் லியரின் ரத்தம் ஓடுவது தெரிகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 4ஆம் அங்கத்தின் 7ஆம் காட்சிக்கு வரவேண்டும். பைத்தியம் தெளிந்து கண்விழிக்கும் லியர் மகள் முன் மண்டியிடப் பார்க்கிறான். விஷம் கொடுத்தாலும் குடிக்கத் தயார் என்கிறான். மற்ற இருவரும் காரணமில்லாமல் வதைத்தார்கள், உனக்கோ காரணம் இருக்கிறது என்று நியாயம் பேசுகிறான். இப்போதும் அவன் கணக்கைத்தான் நீட்டுகிறான், தன் பெயரில் பற்று எழுதி. அவளோ தனக்கு அப்படி ஒரு காரணமே இல்லை என்று மறுத்துவிடுகிறாள். இது பொய். நாடகம் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த பொய். ராஜ்யத்தில் மூன்றிலொரு பங்குக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லாதவள், கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லாத கிழவனுக்காகப் பொய் சொல்கிறாள். லியருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் காட்சி முடிவதற்குள் மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறான்.

வங்கியில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசம் தெரியும். வாராக் கடனை ஏட்டிலிருந்து நீக்குவது ஒன்று, கடனையே ரத்து செய்வது வேறொன்று. ஏட்டிலிருந்து நீக்கியதால் கடன்காரனின் பொறுப்பு தீர்ந்துவிடாது. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். குடும்பங்களில் சமாதானம் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இந்த முதல் வகை. அடுத்த கல்யாணத்திலோ பாகப் பிரிவினையிலோ பழைய பேரேடு தூசு தட்டப்பட்டு வெளியே வரும். கார்டீலியா செய்வது இரண்டாவது வகைகூட அல்ல. ரத்து செய்பவன் கடன் இருந்ததை ஒப்புக்கொண்டுதான் ரத்து செய்கிறான். அவள் பேரேடே கிடையாது என்கிறாள்.

இதற்கு நேரெதிரில் எட்கரை நிறுத்திப் பார்க்கலாம். க்ளாஸ்டரின் கிளைக்கதையை ஷேக்ஸ்பியர் எடுத்தது 1590இல் அச்சான ஸிட்னியின் ‘ஆர்க்கேடியா’விலிருந்து. அங்கே கண்ணிழந்த தகப்பனுக்கு, தன் கையைப் பிடித்து நடத்துகிறவன் மகன்தான் என்பது தெரியும். மாறுவேஷமும் மௌனமும் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை. மகனை ஒருமுறை தொட்டுணர்ந்தால் போதும், இழந்த பார்வை திரும்பினாற்போல என்று குருடன் ஏங்குகிறான். பக்கத்திலேயே நின்று அதைக் கேட்கும் எட்கர் வாய் திறப்பதில்லை. தகப்பனின் விரக்தியைக் குணப்படுத்தவே இந்த விளையாட்டு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறான். ஸ்டான்லி கவெல் 1969இல் வெளியான கட்டுரையில், அடையாளம் காணப்படுவதற்கு எட்கர் அஞ்சுகிறான் என்று வாதிட்டார். நான் இன்னும் கொஞ்சம் கறாராகச் சொல்வேன். குற்றமற்றவன் என்பது நிரூபணமாகும் நேரத்துக்காகவே எட்கர் காத்திருக்கிறான். கடைசியில் கவசம் பூண்டு சண்டைக்குக் கிளம்பும்போதுதான் தான் யாரென்று சொல்லி ஆசி கேட்கிறான். மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் நடுவில் க்ளாஸ்டரின் இதயம் வெடித்துவிடுகிறது. இந்தச் சந்திப்பு மேடையில் நடப்பதில்லை. எட்கர் பிறரிடம் சொல்லும் செய்தியாகத்தான் வருகிறது. தாமதித்தது தவறு என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான். நியாயம் முழுக்கத் தன் பக்கம் சேரும்வரை காத்திருந்தவனுக்கு ஷேக்ஸ்பியர் காட்சி தர மறுத்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு இது சகிக்கவில்லை. நேஹம் டேட் 1681இல் நாடகத்தைத் திருத்தி, லியருக்கு மகுடத்தைத் திருப்பிக் கொடுத்து, கார்டீலியாவை எட்கருக்கே கட்டிவைத்தார். மக்ரீடி 1838இல் மூலத்துக்குத் திரும்பும்வரை ஆங்கில மேடையில் ஆண்டது பெரும்பாலும் இந்தத் திருத்தம்தான். 1765இல் பதிப்பு கொண்டுவந்த ஜான்ஸனும், கார்டீலியாவின் சாவைத் தாங்க முடியாமல் பல வருஷம் அந்தப் பக்கங்களை மறுபடி படிக்கவேயில்லை என்று எழுதினார். எனக்கு ஜான்ஸனின் வேதனையில் மரியாதை உண்டு, டேட்டின் திருத்தத்தில் இல்லை. சேர்ந்தவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்று டேட் நினைக்கிறார். சாவுப் படுக்கைக்கு மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு அழும் நம் வாரப் பத்திரிகைக் கதைகளின் மனோபாவமும் இதுவேதான். அங்கே கண்ணீர் ரசீது மாதிரி. வாங்கிக்கொண்டதும் கதை முடிந்துவிடும். லியரும் கார்டீலியாவும் சேர்ந்திருப்பது கூடாரத்தில் கொஞ்ச நேரம், பிறகு கைதிகளாகக் கொஞ்ச நேரம். பிறகு அவளைத் தூக்கிலிட்டுவிடுகிறார்கள். அந்தச் சாவு கூடாரத்தில் நடந்ததைச் செல்லாததாக்கிவிடுவதில்லை; அதற்கு ஈடும் தருவதில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அப்படியே கிடக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு உறுத்தல் மிஞ்சுகிறது. தகப்பனுக்கு இளையவள்மேல்தான் எப்போதும் பிரியம் அதிகம் என்று முதல் காட்சியின் முடிவில் மூத்தவள் தங்கையிடம் சொல்கிறாள். அது உண்மை. அவளுக்குப் பிள்ளையே பிறக்கக் கூடாது என்று சபித்தவன் லியர். அவர்கள் செய்த குரூரத்தை இது நியாயப்படுத்தாது. ஆனால் அவர்களும் அவன் பெண்கள். கடைசிக் காட்சியில் இருவரும் செத்துப்போன சேதியைக் கெண்ட் சொல்லும்போது, லியர் ஒப்புக்கு ஆமோதித்துவிட்டு மறந்துபோகிறான். கார்டீலியாவிடம் அவன் கேட்ட மன்னிப்பை அந்த இரண்டு பேரிடம் கேட்கும் காட்சியை ஷேக்ஸ்பியர் எழுதவில்லை. அதை எழுத முடியுமா என்று நம் கதைக்காரர்களில் யாராவது முயன்று பார்க்க வேண்டும்.