அட்வான்ஸுக்கு முன்னால் வக்கீல்

சென்னையின் மயிலாப்பூரிலோ அடையாறிலோ முதலீட்டுக்கு ஃப்ளாட் தேடுபவர்களில் பலர் போகும் வழி ஒன்றுதான். தரகர் விலை பேசி முடிப்பார், அட்வான்ஸ் கைமாறும், அதற்குப் பிறகுதான் பத்திர நகல்கள் வக்கீலிடம் போகும். 'லீகல் பார்த்தாச்சு' என்ற சொல்லுக்குச் சந்தையில் பெரிய மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்கு அது எவ்வளவு தூரம் தகுதியானது?

வக்கீல் தேவை என்பதில் ஐயமில்லை. பத்திரம் பதிவானாலே உரிமை உறுதி என்று நம்புவது தவறு. சொத்தின் முந்தைய அசல் ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று சொன்ன தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1)-ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்றது. அந்தப் பொறுப்பு வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது.

சென்னையின் பழைய பகுதிகளில் அது லேசான பொறுப்பும் அல்ல. மயிலாப்பூரில் மனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் சொந்தமான சொத்துகள் உண்டு. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. தி.நகரின் பழைய குடும்ப வீடுகளில், 1989-இல் மாநிலத் திருத்தமும் 2005-இல் மத்தியத் திருத்தமும் மகள்களுக்குத் தந்த பங்கைக் கணக்கில் எடுக்காத பாகப்பிரிவினைகள் வழக்காக முளைக்கலாம். வில்லங்கச் சான்றிதழோ பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பீரோவில் கிடக்கும் பதிவு செய்யாத உயில் அதில் வராது. தாய்ப்பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாகப் படித்து, விட்டுப்போன வாரிசு யார் என்று கேட்பதுதான் நல்ல வக்கீலின் பலம்.

குறைகளும் உண்டு. சட்டக் கருத்துரை பெரும்பாலும் 'எனக்குக் காட்டப்பட்ட ஆவணங்களின்படி' என்ற நிபந்தனையோடுதான் வரும். காட்டாத ஆவணத்துக்கு அது பொறுப்பேற்காது. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கி தரும் கடனுக்கான பாதுகாப்பை. பில்டர் நீட்டும் கருத்துரை பில்டர் கேட்டு வாங்கியது. அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டிய மாடியையும், காலி செய்ய மறுக்கும் வாடகைதாரரையும் காகிதம் காட்டாது. அதற்குப் பொறியாளரும் நேரடி விசாரணையும் வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, வக்கீலிடம் போகும் நேரம். அட்வான்ஸ் கொடுத்தபின் வக்கீல் கண்டுபிடிக்கும் ஓட்டை பேரத்தை நிறுத்துவதில்லை, பணத்தைத் திரும்பப் பெறும் சண்டையைத்தான் தொடங்கிவைக்கிறது. சாதாரண வாடகை ஒப்பந்தத்துக்கு வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் பவர் பத்திரத்தின் பேரில் விற்பனை, வாரிசுச் சொத்து, பில்டருடன் கூட்டு ஒப்பந்தம், பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டும் திட்டம் என்றால் கையெழுத்துக்கு முன்பே வேண்டும். பவர் பத்திரம் எனப்படும் பொது அதிகாரப் பத்திரம் மட்டுமே உரிமையை மாற்றிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது.

முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று சொத்து மதிப்பில் 9 சதவீதம் வரை கட்டத் தயங்காதவர்கள் வக்கீல் கட்டணத்தில் பேரம் பேசுவது வீண் சிக்கனம். உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் வக்கீலை நீங்களே அமர்த்துங்கள். அவர் அசல் ஆவணங்களைப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.