நூலகரும் நாட்குறிப்பும்: லார்க்கின் எழுத்துகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு புலவன் தன் கையால் எழுதிய அனைத்தும் அவன் இலக்கியம் ஆகுமா என்னும் வினா திறனாய்வுத் துறையில் பழமையானது. செய்யுளும் நூலும் உலகிற்கென எழுதப்படுவன. மடல் ஒருவர்க்கென எழுதப்படுவது. நாட்குறிப்போ பிறர் எவர்க்கும் என்று எழுதப்படாதது. இம்மூன்றையும் ஒரே நிறைகோலில் இட்டு நிறுத்தல் முறையாகுமா? இதற்கு விடை காண ஏற்றதொரு சான்றாக ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்க்கினின் வாழ்வு அமைந்துள்ளது. அவர் கவிஞர் மட்டும் அல்லர்; தம் பணிக்காலம் முழுவதும் நூலகராக வாழ்ந்தவர். பிறர் கையெழுத்துப்படிகளைக் காக்க வேண்டும் என்று வலியுறுத்திய அவரே தம் நாட்குறிப்புகளை அழிக்கச் செய்தார். இம்முரண்பாட்டின் பொருள் யாது? திறனாய்வாளர்க்கு அது கற்பிப்பது யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

1. நூலகப் பணி

லார்க்கின் 1922-இல் கவென்ட்ரி நகரில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபின், 1943-இல் வெல்லிங்டன் என்னும் சிறு நகரின் பொது நூலகத்தில் பணி ஏற்றார். நூல் வழங்குதலோடு கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுதலும் அங்கு அவர் கடமையாக இருந்தது. பின்னர் 1946-இல் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரிக்கும், 1950-இல் பெல்ஃபாஸ்ட் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். 1955-இல் ஹல் பல்கலைக்கழக நூலகத்தின் தலைமையை ஏற்று, 1985 டிசம்பர் 2-ஆம் நாள் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார். அவர்தம் புகழ்பெற்ற மூன்று கவிதைத் தொகுதிகளும் 1955, 1964, 1974 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. எனவே நூலகப் பணியும் கவிதைப் பணியும் அவர் வாழ்வில் ஒருங்கே நடந்தன என்பது தெளிவு.

அவர்தம் படிப்பும் பயன் விளைக்கும் படிப்பாக இருந்தது. பார்பரா பிம் என்னும் நாவலாசிரியையின் நூல்களைப் பதிப்பாளர்கள் 1963 முதல் ஏற்க மறுத்தனர். 1961-இலேயே அவரோடு மடல் தொடர்பு கொண்டிருந்த லார்க்கின், அம்மறுப்புக் காலம் முழுவதும் அத்தொடர்பை விடவில்லை. 1977-இல் டைம்ஸ் இலக்கிய இதழ், உரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர் யாவர் என்று அறிஞர் பலரை வினவியது. லார்க்கினும் டேவிட் செசில் பெருமகனாரும் பார்பரா பிம்மின் பெயரையே கூறினர். அவ்வாண்டிலேயே அவருடைய புதிய நாவல் அச்சேறியது. நல்ல நூலை அதற்குரிய படிப்பாளரிடம் சேர்ப்பிப்பதே நூலகர் கடமை எனின், அக்கடமையை லார்க்கின் நூலகத்திற்கு வெளியேயும் ஆற்றினார் எனலாம்.

2. கையெழுத்துப்படியின் இருவகை மதிப்பு

தற்கால எழுத்தாளர்தம் கையெழுத்துப்படிகளை நூலகங்கள் புறக்கணிப்பது பற்றி லார்க்கின் 1979-இல் ஓர் உரை ஆற்றினார். அது 1983-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. ஆங்கில எழுத்தாளரின் படிகள் கடல் கடந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்வது கண்டு அவர் வருந்தினார். அவ்வுரையில் கையெழுத்துப்படிக்கு இருவகை மதிப்பு உண்டு என்று பிரித்துக் காட்டினார். ஆசிரியன் கைபட்ட தாள் இது என்னும் உணர்வால் எழுவது ஒன்று. அதனை அவர் மந்திர மதிப்பு என்றார். ஆசிரியனுடைய வாழ்வையும் நூலையும் பற்றிய நம் அறிவை மிகுவிப்பது மற்றொன்று. அதனைப் பொருள் மதிப்பு எனலாம்.

இப்பகுப்பின்படி நோக்கின், நாட்குறிப்பினும் பொருள் மதிப்பு மிக்க படி வேறில்லை. அதனைப் பிறரினும் நன்கு அறிந்தவர் லார்க்கின். அறிந்தும் அழிக்கச் சொன்னார் என்பதே இங்குச் சிந்தித்தற்குரியது.

3. அழிந்தனவும் எஞ்சியனவும்

முப்பதுக்கு மேற்பட்ட நாட்குறிப்பேடுகளை அவர் விட்டுச் சென்றார். அவர் விருப்பத்தின்படி, அவருடைய செயலாளர் அவற்றின் தாள்களை எல்லாம் பொறியில் இட்டுத் துண்டாக்கினார். மேலட்டைகள் மட்டும் எஞ்சின. கண்ணில் பட்ட ஓரிரு வரிகளிலிருந்து, அவை பெருந்துயரம் நிரம்பியவை என்று மட்டும் அவர் பின்னர்க் கூறினார். லார்க்கினின் உயிலோ தெளிவற்றதாக இருந்தது. வெளியிடாத எழுத்துகளை அழிக்குமாறு ஒரு பகுதி கூறிற்று. வெளியிடும் உரிமையைப் பொறுப்பினர்க்கு மற்றொரு பகுதி வழங்கிற்று. சட்ட அறிஞரின் கருத்தைப் பெற்றபின், பொறுப்பினர் ஏனையவற்றை அழியாமல் காத்தனர்.

நாட்குறிப்பை அழிக்கச் செய்தவர் தம் கவிதைப் பணியேடுகளை அழிக்கவில்லை என்பது கருதத்தக்கது. கவிதைகளின் வரைவுகள் அடங்கிய ஏடுகளில் முதலாவதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அவர் தாமே வழங்கினார். அவற்றில் வரைவு எழுந்த நாட்களையும் குறித்து வைத்தார். அந்நாட் குறிப்புகளைக் கொண்டே, 1988-இல் வெளிவந்த முழுத்தொகுப்பில் ஆந்தனி துவைட் கவிதைகளைக் கால முறையில் வைத்தார். கவிஞர் தம் தொகுதிகளில் கருதி அமைத்த வைப்புமுறை இதனால் சிதைந்தது என்று பலர் குறை கூறவே, 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு பழைய வைப்புமுறைக்கு மீண்டது.

இதனால் லார்க்கின் ஓர் எல்லை வகுத்தார் என்பது புலனாகும். கவிதை பிறந்த வழியை உலகம் அறியலாம். கவிஞன் தன்னோடு தான் பேசியதை அறிய வேண்டுவதில்லை. ஆதலின், முரண்பாடு என்று முதலில் தோன்றியது உண்மையில் ஒரு பாகுபாடே ஆகும். இன்னதைக் காக்க, இன்னதைத் தள்ளுக என்று தெரிந்து பிரிப்பது நூலகர் நாள்தோறும் செய்யும் தொழில் அன்றோ?

4. மடல்களால் எழுந்த பூசல்

எனினும் அவர் வகுத்த எல்லை நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் மடல்கள். நாட்குறிப்பு எழுதியவன் கையில் இருப்பது. மடலோ பெற்றவர் கையில் இருப்பது. தேர்ந்தெடுத்த மடல்கள் 1992-இல் வெளிவந்தன. ஆண்ட்ரூ மோஷன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1993-இல் வெளிவந்தது. இன வெறுப்பும் பெண்டிரை இழித்தலும் கலந்த சொற்கள் நண்பர்க்கு எழுதிய மடல்களில் காணப்பட்டன. ஆங்கில நாட்டில் பெரும் பூசல் எழுந்தது. கவிதைகளையும் இனி ஐயுற்றே படிக்க வேண்டும் என்று அறிஞர் சிலர் வாதிட்டனர்.

அச்சொற்கள் இழிந்தவை என்பதில் ஐயமில்லை. ஒரு நண்பரிடம் மட்டும் கூறினார் என்பதனால் பழிச்சொல் பழிச்சொல் ஆகாமற் போகாது. ஆயின் சான்றாகக் கொள்ளும்போது ஒன்றை எண்ணுதல் வேண்டும். 1992-இல் அறிஞர் கைக்கு வந்தது ஒருபுடைச் சான்றே. தனித்திருந்தபோது அவர் எழுதியது அழிந்துவிட்டது. அவையில் நகைப்பூட்ட எழுதியது எஞ்சிற்று. மோனிக்கா ஜோன்ஸ் அம்மையார்க்கு எழுதிய மடல்கள் 2010-இலும், வீட்டார்க்கு எழுதியவை 2018-இலும் தனி நூல்களாக வந்தபின், வேறொரு குரலையும் கேட்க முடிந்தது. பரிவும் தயக்கமும் சோர்வும் கலந்த குரல் அது. தம்மைக் காத்துக்கொள்ள நாட்குறிப்பை அழித்தவர்க்கு அவ்வழிவே ஒருவகையில் கேடாயிற்று. நாட்குறிப்பு இருந்திருப்பின் அவர்தம் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று துணிதற்கு இல்லை. தீர்ப்பு நிறைந்த சான்றின்மேல் அமைந்திருக்கும் என்பதே நாம் கூறத்தக்கது.

5. கூற்றும் கேட்போரும்

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபு நமக்குத் துணை செய்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் உறுப்புகளுள் கூற்று என்பதனையும் கேட்போர் என்பதனையும் தனித்தனி உறுப்புகளாக எண்ணும். யார் கூறினார் என்பது போன்றே யாரிடம் கூறினார் என்பதும் பொருளைத் தீர்மானிக்கும் என்பது அதன் கருத்து. அகப்பாட்டிற்கு உரை கண்டோர், தோழி கேட்பக் கூறியது இது, நெஞ்சிற்குக் கூறியது இது என்று வரையறுத்த பின்னரே பொருள் உரைக்கத் தொடங்கினர்.

இம்முறையை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். கிங்ஸ்லி ஏமிஸ் போன்ற கல்லூரித் தோழர்க்கு எழுதிய மடலும் தாயார்க்கு எழுதிய மடலும் ஒருவர் கூற்றே, கேட்போர் வேறு. நாட்குறிப்பு நெஞ்சொடு கிளத்தல் போன்றது. அதுவும் முற்றும் மெய்யென்று கொள்ளுதற்கில்லை. தன் நெஞ்சிடத்தும் மாந்தர் நடிப்பது உண்டு. கவிதையோ கூறுவோனையும் கேட்போனையும் கவிஞன் தானே படைத்துக் கொள்ளும் இடம்.

இதற்கு ஒரு சான்று காட்டுவோம். படிக்கும் பழக்கம் பற்றிய ஓர் ஆய்வு எனப் பொருள்படும் தலைப்பில் லார்க்கின் ஒரு கவிதை எழுதினார். அது 1964-ஆம் ஆண்டுத் தொகுதியில் உள்ளது. அடிக்கு ஆறு வரியாக மூன்று அடுக்குகள் கொண்ட சிறு பாட்டு. சிறு பருவத்தில் கதைத் தலைவனாகவும், வளர்ந்தபின் கொடியவனாகவும் தன்னை எண்ணி மகிழ்ந்த ஒருவன், முதிர்ந்தபின் கதையில் வரும் கோழையே தான் என்று உணர்ந்து நூல்களை எல்லாம் வெறுத்துத் தள்ளுகிறான். நூலகரே நூலைப் பழித்தார் என்று இதனைக் கொள்வது பிழை. நூலில் தன்னையே தேடியவன் நூலால் ஏமாற்றம் அடைகிறான். அவன் அறியாமையைக் கவிஞர் அவன் வாயாலேயே வெளிப்படுத்துகிறார். கூற்று அப்பாத்திரத்தினுடையது. இவ்வேறுபாட்டைக் காணாதவர், கவிதையை மடலாகவும் மடலைக் கவிதைக்கு உரையாகவும் மயங்கிக் கொள்வர்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். ஒன்று: தனி எழுத்தைச் சான்றாகக் காட்டும் ஆய்வாளர், அது யாரை நோக்கி எழுந்தது என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். இரண்டு: எஞ்சிய சான்றோடு அழிந்த சான்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்; இல்லாத ஏட்டின் இடத்தை ஊகத்தால் நிரப்புதல் கூடாது. மூன்று: ஆசிரியன் வகுத்த எல்லையை நாம் மீற நேரினும், அப்படி ஓர் எல்லை இருந்தது என்பதை மறைத்தல் கூடாது.

புலவர்தம் மடல்களையும் குறிப்பேடுகளையும் தேடித் தொகுத்துப் பட்டத்திற்கு ஆய்வு செய்யும் மாணவர் நம்மிடையே பலர். கிடைத்த ஏட்டை எல்லாம் அச்சேற்றுதலே தொண்டு என்று அவர்கள் எண்ணுதல் இயல்பு. காத்தல் வேறு, வெளியிடுதல் வேறு, தீர்ப்புக் கூறுதல் வேறு. காத்தலில் தயக்கம் வேண்டா. வெளியிடுதலில் கருத்து வேண்டும். தீர்ப்புக் கூறுதலில் அச்சமே வேண்டும். ஹல் நகரின் ஆவணக் காப்பகத்தில் இன்று தாளின்றி இருக்கும் அம்மேலட்டைகள் நமக்கு உணர்த்துவது இதுவே.