பணிந்தது சரி, மறைத்தது ஏன்?

"சட்டம் என்று வந்துவிட்டால் அவர்கள் வேறு என்னதான் செய்ய முடியும்?" 2024 அக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலிலிருந்து ரஷ்யத் தொடர்புடைய சிலரின் பெயர்கள் நீக்கப்பட்டதற்கு இன்றுவரை சொல்லப்படும் சமாதானம் இது.

அதில் பாதி நியாயம் உண்டு. லினக்ஸ் ஃபவுண்டேஷன் அமெரிக்க அமைப்பு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் குடியிருப்பது அமெரிக்காவின் ஓரிகனில். ரஷ்யா மீதான பொருளாதாரத் தடையை மீறினால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. தன்னார்வலர்களுக்காக யாரும் கம்பி எண்ண வேண்டியதில்லை.

பணிந்ததில் எனக்குப் புகார் இல்லை, பணிந்த விதத்தில்தான். கெர்னலுக்கு பேட்ச், அதாவது நிரல் மாற்றம், அனுப்பிய எவருக்கும் தெரியும்: என்ன மாற்றினாய் என்பதைவிட ஏன் மாற்றினாய் என்பதை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் பேட்ச் திரும்பி வரும். அந்தக் கறாரைக் காத்துவந்தவர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அனுப்பிய இந்த பேட்ச், டிரைவர் திருத்தங்களின் மூட்டையோடு மூட்டையாக 6.12 பதிப்பின் நான்காம் முன்னோட்டத்துக்குள் நுழைந்தது. காரணம் என்று அதில் இருந்தது 'பல்வேறு இணக்கத் தேவைகள்' மட்டுமே. போதிய ஆவணம் தந்தால் பின்னர் திரும்பலாம் என்று ஒரு வரி. எந்தச் சட்டம், யாரிடம், என்ன ஆவணம்? மூச்சில்லை.

பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு டிரைவருக்கும் 'எம்:' என்ற எழுத்துக்குப் பின் பொறுப்பாளரின் பெயரும் மின்னஞ்சலும், 'எஃப்:' என்ற எழுத்துக்குப் பின் கோப்புகளும் இருக்கும். ஆட்களைத்தான் எடுத்தார்கள், அவர்கள் எழுதிய நிரல் அப்படியே தங்கிவிட்டது. ஆள் ஆகாது, உழைப்பு ஆகும் என்கிற சட்டம் எது என்று ஒருவர் கேட்டால் அது குதர்க்கமா?

கேட்டார்கள். டோர்வால்ட்ஸின் பதில், ரஷ்ய டிரோல்களின் வேலை இது, நான் ஃபின்லாந்துக்காரன், வரலாறு தெரியாதா என்ற தோரணையில் வந்தது. வக்கீல்கள் சொன்னதை விளக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். பிறகு இன்னொரு பராமரிப்பாளரான ஜேம்ஸ் பாட்டம்லி நீக்கத்துக்கான அளவுகோலை எழுதினார்: அமெரிக்கக் கருவூலத்தின் தடைக்கு உட்பட்ட நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் பட்டியலில் இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்! பின்னால் சொல்ல முடிந்ததை பேட்சிலேயே சொல்லவிடாமல் தடுத்தது எந்தச் சட்டம்? வக்கீல் வாயைக் கட்டினார் என்பது கார்ப்பரேட் அலுவலகத்தில் செல்லும் சாக்கு. ஊர் கூடி எழுதிய மென்பொருளில் அது செல்லாது.

லினக்ஸ் விநியோகமான டெபியன் வேறு வழியில் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் வரைவாக இருந்தபோதே, 2023 டிசம்பரில், தன் ஆட்சேபத்தை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விட்டு அறிக்கையாக வெளியிட்டது. பலரும் இப்படிக் குரல் கொடுத்த பின் 2024இல் நிறைவேறிய சட்டம், திறமூலத் திட்டங்களைத் தாங்கும் அமைப்புகளைத் தனி வகையாக்கி, அவற்றுக்கு நிர்வாக அபராதம் இல்லை என்றது. அமெரிக்காவின் குறியாக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைத் தவிர்க்க ஓபன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத் திட்டம் கனடாவிலிருந்து வேலை செய்தது. அதை ஊரறியச் சொல்லவும் செய்தது. வரப்போகும் சட்டத்தை எதிர்ப்பதும் வந்துவிட்ட சட்டத்துக்குக் கட்டுப்படுவதும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்திறப்பதற்கு இரண்டிலும் இடம் இருந்தது.

இதே கேள்வியை அடுத்து எழுப்பப்போவது கலிபோர்னியாவின் ஏபி 1043 சட்டம். 2027 ஜனவரி 1 முதல், கணக்கு தொடங்கும்போதே இயங்குதளம் பயனரின் வயதைக் கேட்டு, எந்த வயதுப் பிரிவு என்று செயலிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் இது ஒரு திரை வடிவமைப்பு. நாலு பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் லினக்ஸ் விநியோகத்துக்கு அப்படியல்ல. சிலர் வயது கேட்கும் கட்டத்தைச் சேர்ப்பார்கள், சிலர் கலிபோர்னியாவே வேண்டாம் என்பார்கள். எதைச் செய்தாலும், அந்த பேட்சில் சட்டத்தின் எண்ணும், முடிவெடுத்தவர் பெயரும், ஆட்சேபிக்க விரும்புபவர் யாருக்கு எழுத வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். கெர்னல்காரர்கள் இந்த மூன்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை.